தலை ஆடிச்சா?

ஐந்தாவது சட்டையை உதறியபோதும் மரக்குச்சிதான் விழுந்தது. உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் குனிந்து எடுக்கவில்லை.

கோல்ஃப் பந்தைப் புல்லுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நிறுத்திவைக்க அந்தக் குச்சி வேண்டுமாம். பார்த்தால் தடித்த ஆணி மாதிரி இருக்கும். இரண்டரை வருஷமாக அவள் கணவரின் சட்டைப் பை, கால்சட்டைப் பை, தலையணை உறை, ஒருமுறை சர்க்கரை டப்பா என்று அது இல்லாத இடம் கிடையாது. துணி துவைக்கும் மெஷினின் குழாயில் சிக்கி இரண்டு தடவை ரிப்பேர்காரரை வரவழைத்தது. இரண்டாம் தடவை அவர் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாராச்சும் தச்சு வேலை பண்றாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க. ஒருத்தர் என் பொறுமையைச் சோதிக்கிற வேலை பண்றார். முழு நேரமா," என்றாள்.

"வெள்ளையில ஏதாச்சும் ஒண்ணு இருந்தாப் போதும்மா," என்றார் நாத்தனார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி. அவருடைய தம்பி நேற்றுக் காலை பத்தேகாலுக்குக் கோல்ஃப் மைதானத்து பெஞ்சில் 'ஒரு நிமிஷம்' என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தார். நாளை பதினொரு மணிக்கு அடக்கம். இன்று இரண்டு மணிக்குள் உடுத்த ஒரு நல்ல சட்டையும் கால்சட்டையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

"வெள்ளை ஆறு இருக்கு அண்ணி. ஆறுலயும் புல் கறை."

"கடைசியா உங்கிட்ட என்ன பேசினான்?"

நேற்று சாயங்காலத்திலிருந்து இது நான்காவது தடவை.

"பதினோரு மணிக்குள்ள வந்துடுறேன்னார்."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

அவள் ஆறாவது சட்டையை எடுத்தாள். பையில் கையை விட்டாள். இங்கேயும் ஒரு குச்சி. அவள் தேடியது குச்சியையும் இல்லை, கறையில்லாத சட்டையையும் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி. அது இந்த வீட்டுக்குள் எங்கேயாவது இருந்துவிட்டால் போதும். நேற்று மத்தியானத்திலிருந்து மேசை இழுப்பறை, குளியலறை அலமாரி, செருப்பு வைக்கும் இடம் வரை பார்த்தாயிற்று.

அவர் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மொட்டை மாடி மோட்டார் அறைகளில் நின்று நின்று இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதும் பாதிதான். அந்தக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின், அதை வைக்க அந்த நீலப் பெட்டி. மைதானத்தில் காற்று அடித்தால் மெஷினுக்குள் ரயில் ஓடுகிறது என்று ஆடும்போது கழற்றிவிடுவார். சில நாள் வீட்டிலேயே கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புவார். மனைவியின் வாயிலிருந்தும் தப்பித்த மாதிரி ஆயிற்று, கூடுதல் வசதி.

நேற்று அது காதில் இருந்ததா, இல்லையா? அவளுக்கு அது ஒன்று தெரிந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மோதிரம், ஃபோன், கைக்குட்டை, மரக்குச்சி நான்கு. காது மெஷின் இல்லை. முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். முகத்தைவிட அவள் கண் கைக்குத்தான் போயிற்று. வலது கை வெயிலில் கறுத்திருந்தது. ஆடும்போது எப்போதும் கையுறை மாட்டும் இடது கை மட்டும் வேறு யாருடையதோ போல வெளுப்பாக இருந்தது. இதைக்கூட ஒழுங்காகச் செய்ய வராதா இந்த மனுஷனுக்கு என்று அங்கேயும் எரிச்சல்தான் வந்தது.

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. இருபத்தெட்டு வருஷம். யாருக்கு எந்தத் தேதி, எத்தனை மணி என்பதுதான் அவள் பார்க்கும் உலகம். அந்த உலகத்தில் அவளால் மன்னிக்க முடியாத ரகம் ஒன்று உண்டு. கடைசி நிமிஷத்தில் தேதி மாற்றுகிறவர்கள். கணவருக்கு மூன்று வாரமாக மாடிப்படியில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சுவரில் விரிசலைப் பரிசோதிக்கிறவர் மாதிரி நிற்பார். அவளை ஏமாற்ற முடியுமா? தொழிலில் சேர்த்து வைத்திருந்த நட்பையெல்லாம் பயன்படுத்தி, ஆறு மாதத்துக்குத் தேதி கிடைக்காத இதய டாக்டரிடம் தேதி வாங்கினாள். வியாழக்கிழமை, ஒன்பது இருபது.

நேற்று வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவள் ஃபோன் சிணுங்கியது. 'உங்கள் கோரிக்கையின்படி சந்திப்பு மாற்றப்பட்டது. திங்கட்கிழமை, 10.40.'

அவர் கூடத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"தேதியை மாத்தினீங்களா?"

"திங்கக்கிழமைக்குத்தானே. நாலு நாள்ல என்ன ஆயிடப்போகுது? இன்னிக்குப் புல் வெட்டியிருக்காங்க. காத்தும் இல்ல. போன வாரமே ஆட்டத்துல நூத்தியொண்ணு..."

அந்த நூற்றியொன்றைக் கேட்டதும் அவளுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கத்தினாள். டாக்டரிடம் தான் கெஞ்சியது, லீவு போட்டது, இரண்டரை வருஷமாக இந்த வீட்டில் தன் பேச்சுக்கு இருக்கும் மரியாதை, எல்லாம் வந்தது. அவர் அடுத்த ஷூவுக்குப் போனார். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போங்க. அங்கேயே கிடங்க. திரும்பி வர வேண்டாம்."

அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். காதில் எதுவும் விழாதவர் மாதிரி, "பதினோரு மணிக்குள்ள வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கேட்டிருக்காது. மெஷினை அப்போதே கழற்றியிருப்பார். பெட்டி இங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

"அம்மா!" கூடத்திலிருந்து மகள் குரல். கூடவே ஏதோ உருளும் சத்தம். "இந்த டம்ளரை யாரு நடைபாதையில போட்டது? காலை ஒடிச்சிருப்பேன்!"

மகள் காலை விமானத்தில்தான் வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தெரியாது. கூடத்துக் கம்பளத்தின் அந்தக் கோடியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று படுக்கை வசத்தில் கிடக்கும். அதுதான் குழி. அதற்குள் பந்தை உருட்டுவதுதான் பயிற்சி. வீட்டில் இருந்த இருவரும் இரண்டரை வருஷமாக அதைத் தாண்டித் தாண்டியே நடந்து பழகியிருந்தார்கள்.

இளம் வயதில் கம்பெனி மைதானத்தில் அவர் கோல்ஃப் ஆடியவர்தான். மகள் பிறந்ததும் விட்டுவிட்டார். இருபத்தேழு வருஷம் அந்தப் பேச்சே இல்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் பரணிலிருந்து மட்டைப் பை இறங்கியது. சரி, ஏதோ பொழுது போகட்டும் என்று அவளும் தூசி தட்டிக் கொடுத்தாள். அந்தக் கையை இப்போது என்ன செய்வது?

முதல் நாள் நூற்று முப்பத்தொன்று. பதினெட்டுக் குழிக்கும் மொத்தம் எத்தனை அடி என்பதுதான் கணக்கு. குறையக் குறைய நல்லது. "பழைய ஆட்டம் திரும்பி வந்துடும். நூறுக்குள்ள கொண்டுவந்துட்டா விட்டுடுவேன்," என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நூறுதான் பேச்சு. காலையில் நூறு, சாப்பிடும்போது நூறு. பந்து எங்கே போயிற்று, ஏன் அங்கே போயிற்று, போகாமல் இருக்க என்ன செய்திருக்க வேண்டும் என்று பதினெட்டுக் குழியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். கோச் ஒருவரிடம் போனார். ஃபோனில் வீடியோ பார்த்தார். படுக்கையறையில் மட்டையை வீசிப் பார்த்து விளக்கை உடைத்தார். கோச் கடைசியில், "கையெல்லாம் சரியா இருக்கு சார். அடிக்கும்போது தலை ஆடுது, அதான் வினை," என்று சொல்லிவிட்டார்.

அதோடு தொலைந்தது. கம்பளத்தில் நின்றுகொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமலே கேட்பார்.

"தலை ஆடிச்சா பாரு."

"ஆடலை."

"இப்போ?"

"ஆடலைங்க."

அவள் ஒருநாளும் பார்த்தது கிடையாது. அடுப்பில் வேலை இருக்கும். ஒருவர் தலையையே பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கென்ன வேறு பிழைப்பு இல்லையா?

ஃபோன் சிணுங்கியது. அவள் கையிலிருந்த சட்டையோடு எடுத்தாள். 'நினைவூட்டல்: திங்கட்கிழமை 10.40. உறுதி செய்ய 1, மாற்ற 2, ரத்து செய்ய 3 அனுப்பவும்.' இந்த மாதிரிச் செய்திகளைத் தினம் நாற்பது பேருக்கு அனுப்புகிறவள் அவள். பதில் போடாதவர்களை வாய்க்குள் திட்டுகிறவளும் அவள்தான். மூன்றை அனுப்பினாள். உடனே அடுத்தது வந்தது. 'ரத்துக்கான காரணத்தைத் தெரிவிக்கவும்.'

"யாரும்மா? துக்கம் கேக்குறாங்களா?" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி. காரணம் கேக்குறாங்க," என்று ஃபோனைக் கட்டிலில் போட்டாள்.

வாசல் மணி அடித்தது.

வந்தவர் டிரைவிங் ஸ்கூல்காரர். அவரும் அவள் கணவரும் வாரம் இரண்டு தடவை சேர்ந்து ஆடுகிறவர்கள். அவருடைய காரில்தான் போவார்கள். இன்னொருவர் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தே இருபது வருஷம் ஓட்டியதால், நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். மூன்று மாடி ஏறி மட்டைப் பையைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். அழுது கண் வீங்கியிருந்தது.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார் கார்டுக்கா. நான்தான் எழுதினேன். ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும், அதான் முறை. பதினேழு குழி முடிச்சிட்டார். தொண்ணூத்து மூணு."

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்கும் இல்லை. அவளுக்குப் புரிந்தது. இரண்டரை வருஷம் காதில் வலுக்கட்டாயமாக ஊற்றப்பட்ட கல்வி ஆயிற்றே, எங்கே போகும்?

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. அந்தக் கடைசிக் குழியில அவர் ஆறுக்கு மேல போனதே இல்ல. ஆறு போட்டாக்கூடத் தொண்ணூத்தொன்பது." அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "மைதானத்துல எல்லாரும் சொல்றாங்க. ஆறு போட்டுடலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாளைக்கு அவர் பக்கத்துல வச்சு அனுப்பிடலாம். மனசு ஆறும்."

"போடுங்க தம்பி. எந்தம்பி ஆசைப்பட்டது," என்று நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"போடாதீங்க," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, இதுல என்னம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"உங்கப்பா ஏறிப் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டதில்ல. பத்தொன்பது மாடிக் கட்டடத்துக்காரர் இதே நாற்காலியில உக்காந்து ரெண்டு மணி நேரம் கெஞ்சினார். எல்லாம் சரியா இருக்கு, கடைசி மாடி மட்டும்தான், நாளைக்குத் திறப்பு விழான்னு. அந்தக் கடைசி மாடிக்குப் போய் நின்னுட்டு வந்துதான் போட்டார். ஆடாத ஆட்டத்துக்கு ஆறு போட்டு அவர் பக்கத்துல வச்சா, எழுந்து உக்காந்து அடிச்சுத் திருத்துவார்."

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அது உண்மைதாங்க்கா," என்று அட்டையை மறுபடி மடித்தார்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பாத்திரம் எங்கே என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவர் காது மெஷின்... அது உங்க கண்ணுல பட்டுச்சா?"

"அது பையிலதான் இருக்கும். முதல் குழிகிட்ட வந்து நின்னப்புறம்தானே கழட்டினார்." அவர் எழுந்து மட்டைப் பையின் பக்க அறையின் ஜிப்பை இழுத்தார். "கார்ல வரும்போது போட்டிருந்தார்க்கா. பேசிக்கிட்டேதானே வந்தோம். இந்தாங்க."

நீலப் பெட்டி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மெஷின் கடகடவென்றது.

ஆக, கேட்டிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே லேஸ் கட்டியிருக்கிறார். மூன்று மாடி அதைச் சுமந்துகொண்டுதான் இறங்கியிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்து கடைசியில் கட்டிக்கொடுத்து அனுப்பியது அதுதான்.

"இதுவும் அதே பையில இருந்துச்சுக்கா," என்று அவர் இன்னொன்றை நீட்டினார். பழுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. லிஃப்ட் பரிசோதனைப் பதிவேடு. ஓய்வு பெற்றபோது எழுதாமல் மீந்த நோட்டுகளை வீணாக்கக் கூடாதென்று கொண்டுவந்திருந்தார். பால் பாக்கெட் விஷயத்தைக்கூட அதில்தான் எழுதுவார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று பிரித்தாள்.

அச்சடித்த கட்டங்கள். குறை, காரணம், வெளிச் சூழல், எடுத்த நடவடிக்கை, முடிவு. லிஃப்டுக்காக அடித்ததில் கோல்ஃபை எழுதியிருந்தார், குட்டிக் குட்டியான நிமிர்ந்த எழுத்தில்.

'குறை: பந்து வலப்பக்கம் ஓடுகிறது. காரணம்: தலை. வெளிச் சூழல்: லேசான காற்று. வீட்டில் திட்டு, சுமார் (சர்க்கரை டப்பா). முடிவு: 112.'

அவள் இன்னொரு தடவை படித்தாள். அடுத்த பக்கம் திருப்பினாள்.

'வெளிச் சூழல்: தரை ஈரம். திட்டு இல்லை. பேசவே இல்லை (படுக்கையறை விளக்கு). முடிவு: 121.'

'வெளிச் சூழல்: நல்ல வெயில். திட்டு, நீளமானது (துணி மெஷின், இரண்டாம் தடவை). முடிவு: 105.'

பக்கம் பக்கமாக இருந்தது. காற்றையும் மழையையும் குறித்த அதே கட்டத்தில், அதே எழுத்தில், அவளையும் குறித்து வைத்திருந்தார். ஒரு நாள் விடவில்லை. இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இருந்திருக்காதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீழே கோடு போட்டுத் தொகுத்திருந்தார்.

'திட்டு வாங்கிய நாட்கள், சராசரி 106. பேசாத நாட்கள், சராசரி 114. காரணம்: அவள் பேசாவிட்டால் ஒன்பதாவது குழி வரை அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். திட்டினால் அதோடு முடிந்துவிடுகிறது.'

கொஞ்சம் தள்ளி:

'தலை ஆடவில்லை என்றாள். பார்க்கவில்லை. அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடவடிக்கை: ஒருநாள் மைதானத்துக்கே அழைத்துப்போய்ப் பின்னால் நிற்கச் சொல்ல வேண்டும். அவள் பார்த்தால் சரியாகச் சொல்லிவிடுவாள்.'

அதற்குக் கீழே வேறு மையில், 'மூன்று முறை கேட்டாயிற்று.'

கேட்டார்தான். மூன்று தடவையும் அவள் என்ன சொன்னாள் என்பதும் ஞாபகம் இருந்தது. துணி காயப்போட வேண்டும். தலைவலி. மூன்றாம் தடவை பதிலே சொல்லவில்லை.

கடைசியாக எழுதிய பக்கம் நேற்றுத் தேதியில் இருந்தது. காரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத்து அங்கங்கே குலுங்கியிருந்தது.

'வெளிச் சூழல்: காற்று இல்லை. புல் வெட்டியிருக்கிறது. படியிறங்கும்போதே இரண்டு தடவை நின்றேன் (அவளிடம் சொல்லவில்லை). வீட்டில் திட்டு, மிகப் பலமானது. திரும்பி வர வேண்டாம் என்றாள். இதுவரை இல்லாத அளவு. நியாயமானது. இன்று நூறுக்குள் வந்துவிடும்.'

முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"நியாயம்னு தெரியுதில்ல?" என்று அவள் நோட்டைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டாள். "எழுதத் தெரியுதில்ல? ரெண்டு தடவை நின்னேன்னு எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்குத் திரும்பி மேல ஏறி வரத் தெரியாதா? நான் வர வேண்டாம்னா வரக் கூடாதா? என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க, இன்னிக்குக் கேக்குறதுக்கு?"

சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கோபம் போய்விட்டு அழுகை வரவில்லை, கோபத்தோடு சேர்ந்தே வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவினாள். நோட்டைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

படுக்கையறைக்குப் போய் ஆறாவது சட்டையை எடுத்தாள். வலது முழங்கையில் பச்சைக் கறை படர்ந்திருந்தது. துவைத்துத் துவைத்துத் தேய்ந்தாலும் போகாத கறை.

டிரைவிங் ஸ்கூல்காரர் கிளம்பியிருந்தார். நாத்தனார் கூடத்தில் நின்று சட்டையைப் பார்த்தார்.

"இதையா? கறையா இருக்கேம்மா. நாலு பேர் பாப்பாங்க."

"பாக்கட்டும் அண்ணி. எங்கே போனார்னு தெரியட்டும்."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்தாம் தடவை கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். கேட்டால் சொல்லிவிடுவதென்றும் இருந்தாள். ஆனால் அவர், "நான் கால்சட்டையை இஸ்திரி போடுறேன்," என்று உள்ளே போய்விட்டார்.

சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவள் சமையலறை வாசலில் நின்றாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கம்பளம் முழுக்கத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மகள் மட்டைப் பையை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பந்து உருட்டும் மட்டை பையிலிருந்து நழுவிக் கையோடு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்தவள், வைக்கவில்லை. டம்ளர் எதற்கென்று இப்போது புரிந்திருக்க வேண்டும். அதைப் பழையபடி கம்பளத்தின் கோடியில் படுக்க வைத்தாள். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பந்தைக் காலால் வெளியே தள்ளினாள். முதுகு காட்டிக் குனிந்து நின்றாள். முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தது. அவர் நிற்பது போலவே இருந்தது.

அடித்தாள். பந்து கம்பளத்தில் ஓடி, டம்ளரின் விளிம்பில் டங்கென்று இடித்து, சுவரோரம் போய் நின்றது.

வாரா வாரம் அம்மாவோடு ஃபோனில் பேசும்போது பின்னாலிருந்து அப்பா கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்த கேள்வியை, திரும்பிப் பார்க்காமலே மகள் கேட்டாள்.

"தலை ஆடிச்சாம்மா?"

"ஆடிச்சு," என்றாள். "இடப் பக்கமா. பந்து போறதுக்கு முன்னாடியே நீ திரும்பிட்டே."

சட்டையை நாற்காலியில் போட்டாள். சுவரோரம் கிடந்த பந்தை எடுத்துவந்து மகளின் காலடியில் வைத்துவிட்டு, அவளுக்கு நேர் பின்னால் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை அடி. பாக்குறேன்."